வண்டி தெரிந்தால் ஒரு செபம்

ஆரோக்கியமேரி இறந்த செய்தி வந்தபோது நான் பகல் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கைபேசியில் பூங்கொடி பேசினாள். அவரோடு பீங்கான் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவள்.

“சார், ஆரோக்கியம் அக்கா போயிட்டாங்க சார். லைன்கிட்ட.”

“எந்த வண்டி?” என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

“வண்டி இல்ல சார். வண்டி போனப்புறம் நாங்க எல்லாம் தாண்டி இந்தப் பக்கம் வரோம், அக்கா வேப்பமரத்தடியில உக்காந்திருக்காங்க. ‘என்னக்கா வெயில்ல’ன்னு கேட்டா பதில் இல்ல. தொட்டுப் பாத்தா…”

இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். முட்டி தேய்ந்து வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வீடு ஊர்ப் பக்கம், பட்டறைகள் இருப்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவர் லைனுக்குப் போக வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்ததும் அவர் மகன் அந்தோணி என்னைத் தனியாக அழைத்துப் போனான். என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

“சார், ஊர்ல பேசிக்கிறாங்க சார். எங்கம்மா லைனுக்குப் போனதே விழறதுக்குத்தான், அதுக்குள்ள உசுரு தானா போயிடுச்சுன்னு. காலைல நான் கொஞ்சம் கத்திட்டேன் சார். உங்களுக்கு அவுங்கள நல்லா தெரியும். நீங்க சொல்லுங்க. எங்கம்மா சாவப் போனாங்களா?”

“சேச்சே” என்றேன். அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் பள்ளியில் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலரும் என்னிடம் இதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டீர்கள். அதனால் எனக்குத் தெரிந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். தெரியாததையும் மறைக்கப் போவதில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது அவரிடம் திட்டு வாங்கிய நாளில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டறை காட்ட அழைத்துப் போயிருந்தேன். காய்ந்த பொம்மைகளையும் தட்டுகளையும் அடுக்கிச் சூளைக்குள் கொண்டுபோக அங்கே டிராலி இருக்கிறது. அது ஓட ரயில் பாதை போலவே தரையில் இரண்டு தண்டவாளம். நான் அந்தத் தண்டவாளங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, சூட்டில் இரும்பு ஏன் நீள்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். யாரோ சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். நான் தடுமாறி ஓரத்தில் போய் விழாத குறை. நான் நின்ற இடத்தில் சரக்கோடு டிராலி சத்தமே இல்லாமல் போனது.

“வாத்தியாரே, வண்டிக்கு முதுகு காட்டி நின்னுகிட்டு புள்ளைங்களுக்கு என்னா பாடம்?”

“இது சின்ன டிராலிதானேம்மா” என்றேன். நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் வந்த வார்த்தை.

“தண்டவாளம்னா தண்டவாளந்தான். சின்னது பெருசுன்னு ஒண்ணு இல்ல. அது வெலகாது, நாமதான் வெலகணும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் இரும்பு ஏன் நீள்கிறது என்று கேட்டேன். ஒருவனும் சொல்லவில்லை. தண்டவாளம் அருகே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வகுப்பே கை தூக்கியது.

அப்போது லைனில் கேட் இருந்தது. கேட் கீப்பர் சங்கிலி போட்டால் எல்லோரும் நிற்பார்கள். பிறகு கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைக்காலத்தில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மேம்பாலம் வழியாகச் சுற்றினால் நடந்து போக முக்கால் மணி நேரம் கூடுதல். சாப்பாட்டுக்கு விடுகிற நேரமே ஒரு மணிதான். எனவே பெண்கள் பழைய கேட் இருந்த இடத்தில் கற்களின் மேல் ஏறித் தாண்டினார்கள். அப்படித் தாண்டக் கூடாது. சட்டப்படியும் கூடாது, உயிருக்கும் கூடாது. ஆரோக்கியம் அதை எப்போதும் முதலில் சொல்லிவிடுவார். “இங்க நாம நிக்கவே கூடாதுடி. ஆனா நிக்கிறமே, அதனால சொல்றதக் கேளு.”

அவர் சொன்னவை சில. தூசிக்காகக் காதை மூடிக் கட்டிய துண்டை லைனுக்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும். கைபேசியை இடுப்பில் செருகிவிட வேண்டும். ஒரு வண்டி போனதும் ஓடக் கூடாது, அதன் வால் மறைந்து அடுத்த பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதையெல்லாம் பெண்கள் ஓரளவு கேட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. வளைவில் வண்டியின் முகம் தெரிந்த பிறகும், ‘அது தூரத்துல வருது’ என்று ஓடினார்கள். பசி, வீட்டில் காத்திருக்கும் பிள்ளை, அடுப்பு. நிற்கச் சொன்னால் நிற்கிற நேரமா அது?

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய ஒரு செபத்தை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். “வண்டி மூஞ்சி தெரிஞ்சா செபத்த ஆரம்பி. முடியற வரைக்கும் காலை எடுத்து வெக்காத. முடியும்போது வண்டி உன் முன்னாடி போவும்.” சும்மா நில் என்றால் நிற்காதவர்கள், ஒரு வேலை கொடுத்ததும் நின்றார்கள். கோயில் திருவிழாவில் கூழ் ஊற்றுகிற பெண்களும் அந்தச் செபத்தைப் பிசகாமல் சொன்னார்கள். “சாமி வேற வேறதான்க்கா, வண்டி ஒண்ணுதானே” என்பாள் பூங்கொடி.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். எங்கள் பள்ளியும் லைன் ஓரத்தில்தான். ஒரு மதியம் அவர்களோடு நின்றிருந்தேன். அவர் சத்தமாகச் செபம் சொல்ல, சொல்லி வைத்தாற்போல முடிவில் வண்டி வந்தது. எனக்கு வியப்பு தாங்கவில்லை. அடுத்தடுத்து நான்கு நாட்கள் கைக்கடிகாரத்தோடு போனேன். செபம் முடிய முப்பது நொடி. நானே தாண்டிப் பார்த்தேன், பன்னிரண்டு நொடி. ஐந்தாம் நாள் பெண்களை நிற்க வைத்துப் பாராட்டினேன். “அக்கா சொன்ன அளவு மிகச் சரி. முப்பதில் பன்னிரண்டு போனால் பதினெட்டு நொடி மிச்சம் இருக்கிறது. அவ்வளவு பாதுகாப்பான அளவு இது!”

கணக்கு வாத்தியாருக்குக் கணக்குச் சரியாக வந்தால் போதும். அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

மிச்சம் என்ற சொல் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. பாடவேளை முடியப் பத்து நிமிடம் மிச்சம் என்றால் வகுப்பு என்ன செய்யும்? அதைச் செலவு செய்யும். அவர்களும் செலவு செய்தார்கள். வளைவில் வண்டி தெரிந்ததும் செபத்தைத் தொடங்கி, சொல்லிக்கொண்டே தாண்டினார்கள். முடிப்பதற்குள் போய்விடலாம் என்று சாரே சொல்லிவிட்டாரே. நிற்பதற்காக அவர் கொடுத்ததை, நடப்பதற்காக நான் மாற்றிவிட்டேன்.

அப்படி ஒரு நாள் தாண்டும்போது பூங்கொடியின் செருப்பு இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. செருப்பை விட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று நாம் கேட்கலாம். புதுச் செருப்பு. அவள் குனிந்து இழுத்தாள். ஆரோக்கியம் போட்ட கத்தலில் நிமிர்ந்து, அந்தப் பக்கம் பாய்ந்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. தூக்குச்சட்டி எங்கே போனது என்றே தெரியவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு இருந்தவளைப் பார்க்கப் போனேன்.

“பதினெட்டு நொடின்னீங்களே சார். செருப்பு மாட்டுனா அதுல எவ்ளோ போவும்னு சொல்லவே இல்லியே?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அன்று மாலை ஆரோக்கியம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. என் மனைவி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார்.

“நான் நில்லுன்னு சொன்னேன். நீங்க மிச்சம் இருக்குதுன்னு சொன்னீங்க. தப்பு கணக்குல இல்ல சார். அத எங்ககிட்ட சொன்னீங்க பாருங்க, அதுலதான்.”

“மன்னிச்சுக்குங்கம்மா. நாளைக்கே வந்து எல்லாரிடமும் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. ஆனா காதுல பூந்தது வெளிய வராது. நீங்க வாத்தியாரு. நான் பொம்மைக்கு அச்சு ஊத்தறவ. யார் சொன்னத நம்புவாங்க?”

நான் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்கள். அதன் பிறகு அவர் அந்த வழியாகத் தாண்டுவதையே நிறுத்திவிட்டார். வேலையை விடும்வரை, அந்த முட்டியை வைத்துக்கொண்டு, மேம்பாலம் சுற்றித்தான் போனார். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டிக்கொண்டு போய்விடுவார். கூட வரச் சம்மதித்தவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். “லைன்ல இனிமே நான் நிக்கிறதாவே இல்ல. நான் நின்னா, இது நிக்கற எடம்னு ஆயிடுது” என்றார்.

இப்போது என் குழப்பம் உங்களுக்குப் புரியும். அப்படிச் சொன்னவர் ஏன் மறுபடி அங்கே போனார்? அந்தோணியின் கேள்விக்கு ‘சேச்சே’ என்ற என் பதில் எனக்கே உதவவில்லை. ஒரு நாள் யோசித்தால், விழ வந்தவர் இருபது அடி தள்ளி மரத்தடியில் ஏன் உட்காருகிறார் என்று தோன்றும். மறுநாள், மனம் மாறி உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும். இரண்டு பக்கமும் சரியாக வருகிற சமன்பாடு போல. இப்படி இரண்டு வாரம் போனது.

பூங்கொடியைப் போய்ப் பார்த்தேன். அன்று மட்டும்தானா, அதற்கு முன்பும் அங்கே வந்திருக்கிறாரா என்று கேட்டேன்.

“நாலு நாளா வந்துகிட்டு இருந்தாங்க சார். இந்த மழையில சுரங்கப்பாதை மறுபடி ரொம்பிப் போச்சு. நாங்களும் மறுபடி மேலதான் தாண்டறோம். நல்லூர்லேருந்து பஸ்ஸுல புதுசா வர பொண்ணுங்க சில பேரு இருக்குதுங்க, ஊர்ப் பக்கத்துக் கடைக்கு டீ வாங்க அதுங்களும் ஓடி வரும். அதுங்களுக்கும் செபம் தெரியும். யாரு சொல்லிக் குடுத்தான்னு தெரியல.”

“ஆரோக்கியம் உங்களோடு பேசினாரா?”

“பேசல சார். கிட்ட போனா கையாலயே போ போன்னுவாங்க. சனங்க சொல்ற மாதிரி மனசு ஒடிஞ்சிதான் இருந்தாங்களோ என்னமோ. தனியா வாய அசைச்சிகிட்டே இருந்தாங்க.”

“எப்போதுமா?”

பூங்கொடி யோசித்தாள். “எப்பவும் இல்ல. வண்டி மூஞ்சி தெரிஞ்சா அசையும். வண்டி கிட்ட வந்தா நின்னுடும். முடிச்ச மாதிரி இருக்காது சார். பாதியில நிக்கற மாதிரி… வாய மூடிக்குவாங்க. அப்புறம் தலைய ஆட்டுவாங்க, நம்ம புள்ள மார்க்கு கொறைஞ்சி வந்தா ஆட்டுவமே, அப்படி.”

“பூங்கொடி, நாளை மதியம் உனக்கு அரை மணி நேரம் கிடைக்குமா? எனக்கு அந்தச் செபம் தெரியாது” என்றேன்.

மறுநாள் அதே மரத்தடியில் உட்கார்ந்தோம். கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். வளைவில் வண்டி தெரிந்தது. மின்சார இன்ஜின், பழைய டீசல் இரைச்சல் இல்லை. பூங்கொடி செபத்தைத் தொடங்கினாள். அவசரப்படவில்லை, அக்கா சொல்கிற அதே நிதானம். முடிக்கவில்லை. பாதியைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள், எதிரில் காற்று அறைந்தது. மரத்தின் சருகெல்லாம் எங்கள் மேல் கொட்டியது. அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

“சார், இன்னும் இருக்குதே…”

அடுத்த வண்டிக்கும் அப்படியே. மூன்றாவது, நிற்காமல் போகும் சரக்கு வண்டி, கொஞ்சம் தாமதம். அதுவும் முடியும்வரை விடவில்லை. பாதையைச் சீர் செய்து வண்டிகளின் வேகம் கூடியிருக்கிறது. செபம் அதே நீளத்தில் இருக்கிறது.

“அக்கா இதத்தான் பாத்துகிட்டு இருந்தாங்களா?” என்றாள் பூங்கொடி. பிறகு, “நாங்க பைத்தியம்னு நெனச்சமே சார்” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கிருந்து நேராக ஆட்டோ நிறுத்தத்துக்குப் போனேன். அந்தோணி வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தான். பின் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செபத்தை, பதினெட்டு நொடியை, என் தவற்றை, இன்று பார்த்ததை. “அளந்து பார்க்கத்தான் வந்திருக்கிறார், அந்தோணி. அது எனக்குத் தெரியும். பிறகு அதை வைத்து என்ன செய்வதாக இருந்தார், உன்னிடம் ஏன் சொல்லவில்லை, அதெல்லாம் எனக்குத் தெரியவில்லை.”

முன்னால் நின்ற ஆட்டோக்கள் நகர்ந்துவிட்டன. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், “அந்தோணி, முன்ன எடுப்பா, தூங்கறியா?” என்று குரல் கொடுத்தார். இவன் நகரவில்லை.

“சொன்னாங்க சார்” என்றான்.

“என்ன?”

“அன்னிக்குக் காலைல. லைன் பக்கம் சுத்தறாங்கன்னு பக்கத்து வூட்ல சொல்லி எனக்கு ஒரே அசிங்கமா போச்சு. ‘இந்த வயசுல அங்க என்னம்மா வேல உனக்கு, பேசாம வூட்ல கெட’ன்னு கத்துனேன். ‘வேல இருக்குதுடா, ரெண்டு நாளு’ன்னாங்க. புத்தி பெசகிப் போச்சுன்னு நெனச்சேன் சார். வேலைய வுட்டு ரெண்டு வருசம் ஆவுது, வேல இருக்குதுங்கறாங்களேன்னு.” ஸ்டீயரிங் பிடியில் தலையை வைத்துக்கொண்டான். “ரெண்டு நாளுன்னாங்க சார். சாவப் போறவங்க ரெண்டு நாளு வேல இருக்குதுன்னு சொல்லுவாங்களா?”

“மாட்டாங்க” என்றேன்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அம்மாவுக்குச் செம கோவம் வந்திருக்கும் சார், செபத்த முடிக்க வுடாம வந்ததுக்கு” என்றான். அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியை எடுத்தான். நான் இறங்கவில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டான்.

அவன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. என் கேள்வி அப்படியே இருக்கிறது. நான் அன்று கடிகாரத்தோடு போகாமல் இருந்திருந்தால் அந்தப் புதுப் பெண்கள் செபம் சொல்லிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள். அவர் தேய்ந்த முட்டியோடு நான்கு நாள் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கவும் மாட்டார். இல்லை, நான் இல்லாவிட்டாலும் பசி ஓட வைத்திருக்கும், அவர் வந்துதான் இருப்பார். எது சரி? வகுப்பில் யாராவது கேட்டால் இரண்டுக்கும் பாதி மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த இடத்தில் தாண்டாதீர்கள். மேம்பாலம் சுற்றிப் போகலாம். மழைக்காலம் முடியும்வரை தன் ஆட்டோவில் கூட்டிப் போவதாக அந்தோணி பட்டறைகளில் சொல்லி வைத்திருக்கிறான். சுரங்கப்பாதைத் தண்ணீரை இறைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட வாருங்கள். செபம் சொல்ல விரும்புகிறவர்கள் வீட்டில் சொல்லுங்கள்.

பூங்கொடியோடு உட்கார்ந்த அன்று கடிகாரம் என் கையில் இருந்தது. இப்போது எத்தனை நொடி என்பது எனக்குத் தெரியும். புதுப் பெண்களில் ஒருத்தி போன வாரம் கடைத்தெருவில் மறித்து, “எவ்ளோ சார் வந்துச்சு?” என்று கேட்டாள். நாற்பது வருடப் பழக்கம், எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “சொல்ல மாட்டேன்மா” என்றேன். “அய்ய, வாத்தியாரு சொல்லாம வேற யாரு சொல்லுவா?” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இதைப் படித்து வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள், இங்கேயும் அதை எழுதவில்லை. ஆரோக்கியமேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஓர் எண்தான். என்னோடே இருக்கட்டும்.